காற்று வீசாத எராங்கல்

துப்பாக்கியை விட்டுக் கிளம்பிய குண்டு நேர்கோட்டில் போகாது, போகப் போகத் தாழும் என்பது என் அக்கா மகனுக்குப் பதின்மூன்று வயதிலேயே தெரியும். எறிபொருளின் பாதையைப் பள்ளிக்கூடம் பதினோராம் வகுப்பில்தான் நடத்துகிறது. அந்தப் பாடத்தில் அவன் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுதினால் அக்கா எனக்குச் சோறு போடமாட்டாள். அதிலும் நாங்கள் ராமேஸ்வரம் தீவுக்காரர்கள். கலாம் பிறந்த மண்ணில் பௌதிகத்தில் குறைந்த மார்க் வாங்குவது மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் பெரிய குற்றம். பேய்க்கரும்பு நினைவகத்தில் ஏவுகணை மாதிரியை வைத்திருக்கிறார்கள். வெளியூர் உறவுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து பையனின் படிப்பை விசாரிப்பார்கள்.

நான் வேறு மாதிரி விசாரித்தேன்.

"பப்ஜில நானூறு மீட்டர்ல ஒருத்தன் குறுக்க ஓடுறான். உன் கையில கார் நைன்டி எய்ட் துப்பாக்கி. எங்கடா குறி வைப்ப?"

"தலைக்கு மேல முக்கா ஆள் ஒசரம், ஓடுற பக்கம் நாலு எட்டு முன்னால. ஸ்கோப்புல கோட்ட எண்ணிக்கலாம் மாமா."

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 760 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 400 மீட்டரைக் கடக்க அரை விநாடிக்குக் கொஞ்சம் கூடுதலாகும். அதற்குள் புவியீர்ப்பு அதை ஏறக்குறைய 1.4 மீட்டர் கீழே இறக்கிவிடும். காற்றின் தடையால் வேகம் குறைவதையும் சேர்த்தால் இன்னும் இறங்கும். விநாடிக்கு ஆறு மீட்டர் ஓடுகிறவன் அந்த நேரத்தில் மூன்று மீட்டர் நகர்ந்திருப்பான். பையன் சொன்னது சரி. விடைத்தாளில்தான் ஈர்ப்பு முடுக்கத்தின் அலகை எழுதாமல் விட்டிருக்கிறான்.

எங்கள் காலத்தில் குண்டு தாழாது. அதற்கும் முந்தி, குண்டே கிடையாது.

1990களில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் வீடியோ கேம், கீழக்கரைச் சபுராளி ஒருவரின் பெட்டியில் துபாயிலிருந்து வந்தது. கேசட்டில் 9999 ஆட்டம் என்று ஒட்டியிருக்கும். ஏழெட்டு ஆட்டங்களே வேறு வேறு எண்ணில் திரும்பத் திரும்ப வரும். அதில் ஒன்று டக் ஹன்ட். நிண்டெண்டோ 1984இல் வெளியிட்டது. பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வரும். புல்லுக்குள்ளிருந்து வாத்து பறக்க, நாம் திரையை நோக்கிச் சுட வேண்டும். தவறினால் ஒரு நாய் எழுந்து நின்று சிரிக்கும். எங்கள் தெருவில் அந்த நாயைச் சுட முயலாத பிள்ளை இல்லை. அதற்குச் சாவே கிடையாது.

அந்தத் துப்பாக்கி வேலை செய்த விதம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். கண்ணுக்குச் சரியாகப் படாத வேகத்தில் இது நடந்து முடிந்துவிடும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். ஆக, துப்பாக்கியிலிருந்து எதுவுமே வெளியே போகவில்லை. வாத்துதான் தன் வெளிச்சத்தைத் துப்பாக்கிக்குள் அனுப்பித் தன் சாவை ஒப்புக்கொண்டது. இதெல்லாம் தெரியாத நாங்கள், குழலைத் திரைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து விடாமல் அழுத்தினால் நாய் சிரிக்காது என்பதை மட்டும் ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தோம்.

குண்டு என்று ஒன்று நிஜமாகவே குழலை விட்டுப் போவதைத் திருவிழாவில்தான் பார்த்தோம். தங்கச்சிமடத்தில் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழா ஜூலையில் வரும். கச்சான் காற்று பேயாய் அடிக்கிற மாதம். மணலை வாரிக் கண்ணில் போடும். அந்தக் காற்றில் ஒரு ஆள் தட்டியில் வரிசையாகப் பலூன் கட்டி, ஏர்கன் வைத்துக் கடை போடுவார். பலூன்கள் நூலில் நின்று ஆடும். துப்பாக்கியின் முன் குறி எந்தக் கடையிலும் நேராக இருந்து நான் பார்த்ததில்லை. கடைக்காரர் கையால் ஒரு பக்கம் தட்டி வளைத்திருப்பார் என்பது ஊர் அறிந்த ரகசியம். ரவையோ உளுந்தளவு. அவ்வளவு பக்கத்தில் அது தாழ்வதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. கவலை இரண்டு: வளைந்த குறியும் ஆடுகிற பலூனும். எங்கள் சித்தப்பா ஒருவர் முதல் ரவையை வேண்டுமென்றே தட்டியில் அடிப்பார். அது எங்கே பட்டது என்று பார்ப்பார். அப்புறம் பலூனை விட்டுத் தள்ளி எங்கேயோ குறி வைப்பார், பலூன் வெடிக்கும். கடைக்காரர் முகம் சுருங்கும். சித்தப்பாவுக்கு அடுத்த வருஷத்திலிருந்து அந்தக் கடையில் துப்பாக்கி கொடுப்பதில்லை.

பிறகு கணினி வந்தது. 2003 வாக்கில் ராமநாதபுரத்தில் கேணிக்கரைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில், படிப்புக்கு என்று வீட்டில் வாங்கிய காசில், கவுன்டர் ஸ்டிரைக் ஆடினோம். வரிசையாகக் கணினிகள், நடுவில் பலகைத் தடுப்பு. பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்திருப்பவன்தான் எதிரி. அவன் திரையை எட்டிப் பார்ப்பது குற்றம், எல்லோரும் செய்கிற குற்றம். காசு சேர்ந்தால் பி, நாலு, ஆறு என்று தட்டி 4750 டாலருக்கு 'மேக்னம்' வாங்கலாம். அதன் உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரே குண்டில் ஆள் காலி.

அந்த ஆட்டத்துக் குண்டின் பௌதிகத்தைச் சொல்ல வேண்டும். நாம் சுட்டவுடன் கணினி துப்பாக்கியிலிருந்து ஒரு கோடு போட்டுப் பார்க்கிறது. கோட்டில் முதலில் தட்டுப்படுவது சுவரா, ஆளா? ஆள் என்றால் கதை முடிந்தது. பயண நேரம் பூஜ்யம். ஐன்ஸ்டீன் விதித்த வேக வரம்பையே கேணிக்கரையில் தினமும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை நாங்கள் மீறிக்கொண்டிருந்தோம். இதற்கும் முந்திய 1993ஆம் வருஷத்து டூமில் மேலே கீழே பார்க்கவே முடியாது. மாடியில் நிற்கும் பிசாசை நோக்கி நேராகச் சுட்டால் போதும், உயரத்தை ஆட்டமே சரிசெய்துகொள்ளும். கவுன்டர் ஸ்டிரைக்கில் குறி தவறுவதற்காக ஒரு ஏற்பாடும் வைத்திருந்தார்கள். ஓடிக்கொண்டே சுட்டால் ஆட்டம் அந்தக் கோட்டைத் தானாக ஒரு பக்கம் சாய்த்துவிடும், பகடை உருட்டுவது மாதிரி. குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினால் பகடை நமக்குச் சாதகம். எங்கள் செட்டில் பெரிய சுடுவீரன் என்று பெயர் வாங்கியவன் உண்மையில் நன்றாகக் குந்துகிறவன். மின்வெட்டு வந்தால் இரண்டு அணியும் ஒரே நேரத்தில் செத்தோம். அந்த ஆட்டத்தில் எங்கள் ஊர் நிஜம் கலந்த இடம் அது ஒன்றுதான்.

என்.சி.சி.யில் நிஜத் துப்பாக்கியும் தொட்டேன். பாயிண்ட் டூ டூ. குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, இருபத்தைந்து மீட்டரில் ஒரு காகிதத்தைச் சுடுவது. விசையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, மெல்ல அழுத்த வேண்டும் என்பதை ஹவில்தார் இந்தியில் சொல்வார், புரியாவிட்டால் முதுகில் பூட்ஸ் காலை வைத்துப் புரியவைப்பார். குண்டுகள் நடுவில் படுவதைவிட ஒன்றுக்கொன்று பக்கத்தில் படுவதுதான் முக்கியம் என்று அங்கே கற்றுக்கொண்டேன். எல்லாம் சுட்டு முடித்த பிறகுதான் பெரிய வேலை. காலித் தோட்டாக்களை மண்ணில் தேடிப் பொறுக்கி எண்ணிக்கையைச் சரிகட்டி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் யாருக்கும் டிபன் இல்லை. இன்றுவரை எந்த வீடியோ கேமும் இந்தப் பகுதியைச் சேர்த்ததாகத் தெரியவில்லை.

பப்ஜி மொபைல் 2018 மார்ச்சில் வந்தது. அதில்தான் எங்கள் தீவுப் பிள்ளைகளுக்குக் குண்டு தாழ்ந்தது. குண்டுக்குத் தனி வேகம், தூரத்துக்கு ஏற்ற தாமதம், தாமதத்துக்கு ஏற்ற இறக்கம். இந்தக் கணக்குக்கு ஒரு தாத்தா உண்டு, அவர் நம் கரையில் செத்தவர் என்பது சுடுகிற பிள்ளைகளுக்குத் தெரியாது. எறிந்த பொருள் பரவளையமாகப் போகும் என்று கலிலியோ 1638இல் சொன்னதோடு பீரங்கிக்காரர்கள் திருப்தியாக இருந்தார்கள். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர், தொங்கும் மரக்கட்டை ஒன்றில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஊசலாடுகிறது என்று அளந்து, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்தார். தூரத்தைக் கூட்டிக் கூட்டிச் சுட்டதில், காற்று குண்டைத் தடுப்பது அதுவரை யாரும் நினைத்ததைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. 1742இல் புத்தகமாகப் போட்டார். மாபெரும் கணிதமேதை ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிட நீளமாக உரை எழுதிச் சேர்த்தார். அந்த ராபின்ஸைக் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைகளைச் செப்பனிட இங்கே அனுப்பியது. 1750இல் வந்தவர், மறுவருஷமே காய்ச்சலில் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையில் கண்ணை மூடினார். காற்று குண்டுக்கு என்ன செய்யும் என்று உலகுக்குச் சொன்ன மனிதரை வங்கக் கரையின் காற்று ஏறக்குறைய ஒரு வருஷம்தான் விட்டுவைத்தது. இன்று அங்கே சில்வர் பீச்சுக்குப் போகிறவர்கள் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வருகிறார்கள்.

ஆட்டத்தின் கதைக்கு வருகிறேன். 2020 செப்டம்பரில் அரசாங்கம் தடை செய்த 118 செயலிகளில் பப்ஜியும் ஒன்று. 2021 ஜூலையில் அதுவே பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் இந்திய வேஷம் கட்டி வந்தது. 2022 ஜூலையில் மறுபடி காணாமல் போனது, 2023 மே மாதம் மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் ஊர்ப் பெரியவர்கள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், பிள்ளைகளும் ஏற்றினார்கள். இந்திய வேஷத்தில் ரத்தத்தின் நிறம் பச்சை. 'கில்' என்று சொல்லக் கூடாது, 'ஃபினிஷ்'. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான். குண்டு நிஜக் குண்டு மாதிரியே தாழ வேண்டும், ரத்தம் மட்டும் முருங்கைக்கீரைச் சாறாக வர வேண்டும். அக்கா மகனின் கணக்கு அவன் அப்பா பெயரில், அப்பா பிறந்த தேதியில் இருக்கிறது. விளையாட்டைப் பொறுத்தவரை தினமும் ஐந்து மணி நேரம் சுட்டுத் தள்ளுவது ஒரு நடுத்தர வயது மீனவர்.

அத்தனை நிஜத்தையும் போட்டுவிட்டு, கூடவே கையையும் பிடித்துக்கொள்கிறார்கள். 'எய்ம் அசிஸ்ட்' என்று ஒன்று. எதிரி பக்கத்தில் குறி போனால் தானாகக் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எதிரில் 'பாட்' என்ற பொம்மை ஆட்களை இறக்கிவிடுவார்கள். அவை சுட்டால் பக்கத்து மரத்தில்தான் படும். 'கைரோ' போட்டால் போனைச் சாய்க்கிற பக்கம் குறி சாயும். அதை வைத்து ஆடுகிற பையனைத் தூரத்திலிருந்து பார்த்தால் வலிப்பு வந்ததோ என்று பயமாக இருக்கும். இத்தோடு பிங், அதாவது நெட்டில் தகவல் போய்வர ஆகும் நேரம். தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு அந்நிய நாட்டுக்கு நம்மை வரவேற்கும். பிங் 200 மில்லி விநாடி என்றால், அந்த நேரத்தில் கார் 98இன் குண்டு 150 மீட்டர் போய்ச் சேர்ந்துவிடும். நாம் பார்க்கும் எதிரி அங்கே நின்று முடித்தவன். பையன்கள் இதைப் பௌதிகம் என்று எண்ணுவதில்லை, "நெட்டு சரியில்ல" என்கிறார்கள்.

எனக்குப் பெரிய குறை வேறு. ஆட்டம் நடக்கும் எராங்கல் என்ற தீவு எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் பரப்பு. தெற்கே ராணுவத் தளம் இருக்கும் தனித்தீவு, அதற்குப் போக இரண்டு பாலங்கள், பாலத்தில் ஒளிந்து நின்று வருகிறவனைச் சுடும் கேம்பர்கள். பாம்பனில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் சொந்த வீடு மாதிரிதான். ஆனால் தீவென்றால் காற்று வேண்டாமா? எங்களுக்குக் காற்றுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். படகு எடுப்பதா வேண்டாமா என்பதைக் காற்றுதான் முடிவுசெய்யும். 1914இல் கட்டிய பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். எக்ஸ்பிரஸ் ரயிலே மண்டபத்தில் நின்று காற்றிடம் அனுமதி கேட்ட ஊர் இது. எராங்கலில் புல் அசைகிறது, குண்டு அசைவதில்லை.

"காத்துக்கு எவ்வளவு தள்ளி வைப்பீங்க?" என்று கேட்டேன்.

"காத்தா? அதெல்லாம் கிடையாது மாமா. அது இருந்தா எவன் ஆடுவான்?"

அதுவும் சரிதான். காற்றைச் சேர்த்த ஆட்டங்கள் இருக்கின்றன. ஸ்னைப்பர் எலைட்டில் கடினமான நிலைக்குப் போனால் காற்று குண்டைத் தள்ளும். 2007இல் வந்த நான்காவது கால் ஆஃப் டியூட்டியில் செர்னோபில் பக்கம் ஒரு கட்டம், தூரத்துக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துச் சுட வேண்டும். அந்தக் கட்டத்தைப் பற்றி மட்டும் ஊரே பேசும், மறுபடி ஆடுகிறவர்கள் குறைவு. கடினம் என்பதற்காகவே ஒன்றைச் சேர்ப்பதில்லை, விற்கும் என்றால்தான் சேர்ப்பார்கள். தாழ்கிற குண்டு விற்கிறது, ஏனென்றால் அதைக் கற்றுக்கொண்டவனுக்கு அறிவாளி என்ற பெருமை கிடைக்கிறது. காற்று யாருக்கும் பெருமை தருவதில்லை. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை திசை மாறி எல்லோரையும் முட்டாளாக்கும்.

காற்றைக் கற்றவர்கள் இந்தச் சீமையில் இருந்திருக்கிறார்கள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், வளரி எறியத் தனக்குக் கற்றுத்தந்தது சின்ன மருதுதான் என்று எழுதியிருக்கிறார். கைதேர்ந்தவர் கையில் நூறு கஜத்துக்குள் அது குறி தப்பாது என்றும் சொல்கிறார். வளைந்த மரக்கட்டை, சுழன்றுகொண்டே போகும், காற்று அதைத் தூக்கவும் செய்யும், திருப்பவும் செய்யும். இதற்கு நிரல் எழுதச் சொன்னால் பப்ஜி பிறந்த தென்கொரியாவில் ஒருத்தரும் வேலைக்கு வரமாட்டார்கள். கற்றுக்கொடுத்தவரையே 1801இல் வெல்ஷின் கம்பெனி திருப்பத்தூரில் தூக்கில் போட்டது. வளரியையும் சீமையிலிருந்து பறித்தது. தடை என்பது எங்களுக்கு 2020இல் வந்த புதுச் சங்கதி அல்ல.

மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், விசைப்படகில் போகிறவர். தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கச்சத்தீவு அருகே குண்டு பட்டு இறந்தது 2017 மார்ச் 6. சுட்டது தாங்கள் இல்லை என்று இலங்கைக் கடற்படை மறுத்தது. ஊர் நாள்கணக்கில் தெருவில் உட்கார்ந்திருந்தது. பப்ஜி வந்தது அதற்கு ஒரு வருஷம் கழித்து. அந்த ஒரு வருஷத்தை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுக் கணக்குப் பார்த்ததில்லை. மச்சான் தன் கதையைச் சொல்வதும் அபூர்வம். ஒருமுறை சொன்னது: குண்டு முதலில் தலைக்கு மேலே போய்விடும், சத்தம் அப்புறம்தான் வரும், சத்தம் கேட்டுவிட்டால் அந்தக் குண்டு உன்னுடையது இல்லை. விநாடிக்கு 340 மீட்டர் போகிற ஒலியைக் குண்டு முந்துகிறது என்ற பாடம்தான் இது. அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர்.

போன வருஷம் ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் 61 நாள் அவர் வீட்டில் இருந்தார். மகன் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்தார்.

"போட்டுல இருந்து சுட முடியுமா?"

"ஓட்டுறவன் சுட முடியாதுப்பா. கூட உக்காந்திருக்கவன் சுடலாம்."

"போட்டு ஆடுமா?"

"லேசா."

"சுட்டது எந்தப் பக்கம்னு எப்புடித் தெரியுது?"

பையன் மூலையில் இருக்கும் வரைபடத்தைக் காட்டினான். சுடுகிற திசையில் ஒரு சின்னத் துப்பாக்கிப் படம் சிவப்பாக மின்னும். மச்சான் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது நல்ல ஏற்பாடு" என்றார்.

மறுநாள் அவரே ஆட உட்கார்ந்தார். அந்தக் கணக்கு பிறந்ததிலிருந்து முதல்முறையாக உண்மை பேசியது. பாராசூட்டில் இறங்கினார், ஒரு துப்பாக்கியை எடுத்தார், எங்கேயோ ஒரு வெடிச்சத்தம் கேட்டதும் புல்லில் குப்புறப் படுத்தார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிச்சு அடிங்கப்பா! பாம்பு பாம்புன்னு கேலி பண்ணுவானுங்க!"

"பண்ணட்டும்."

நூறு பேரில் எட்டாவதாக முடித்தார். ஒரு குண்டும் சுடவில்லை. ஜோன் என்ற பாதுகாப்பு வட்டம் சுருங்கினால் மட்டும் முழங்கையால் ஊர்ந்து உள்ளே வருவார், மறுபடி படுப்பார். அடுத்த ஆட்டத்தில் ஆறாவது. அதற்கடுத்து ஒன்பதாவது. தடைக்காலம் முழுக்க இதுவே நடந்தது. பையனின் கே.டி., அதாவது ஒரு சாவுக்கு எத்தனை பேரைச் சுட்டான் என்ற விகிதம், பாதாளத்துக்குப் போய்விட்டது. ஆனால் அந்த ஆட்டத்தில் ரேங்க் புள்ளி அதிகமும் கடைசிவரை உயிரோடு இருப்பதற்குத்தான் கிடைக்கிறது. அவன் நான்கு மாதம் மூச்சடக்கி ஸ்கோப்பில் கோடு எண்ணிச் சுட்டும் பிளாட்டினத்தைத் தாண்டாத கணக்கு, அப்பா கையில் டயமண்டுக்கு ஏறியது.

ஜூன் 15 விடிகாலையில் மச்சான் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனார். இப்போது அவர் கரைக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும், கூட்டாளிகள் பார்க்காத நேரமாகப் பார்த்து, பையன் போனை நீட்டுகிறான். கிரவுன் வரைக்கும் ஏற்றித் தர வேண்டுமாம்.